ஊசிக்கு அல்ல, விழிப்புக்கே கட்டணம்

என் மனைவிக்குப் பித்தப்பையை அகற்ற நாள் குறிக்கப்பட்டபோது, அறுவை சிகிச்சை நிபுணரைப் பற்றிப் பலரிடமும் விசாரித்தேன். மயக்கவியல் மருத்துவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. செலவு மதிப்பீட்டில் அவருடைய கட்டணத்தைக் கண்டதும், 'ஓர் ஊசிக்கு இவ்வளவா?' என்றே எண்ணினேன். பொருளாதாரம் கற்பித்தவனின் கணக்கு அங்கே தவறியது.

1846 அக்டோபர் 16-இல் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலியற்ற அறுவை சிகிச்சை சாத்தியம் என்பதை உலகறியச் செய்தார். ஈராண்டுகள் நிறைவதற்குள், 1848 ஜனவரியில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் அளிக்கப்பட்ட ஹானா கிரீனர் என்ற 15 வயது ஆங்கிலேயச் சிறுமி உயிரிழந்தாள். மயக்கத்தில் ஆழ்த்துவதைவிட, மயக்கத்தில் உயிரைக் காப்பதே கடினம்.

இன்று அந்தக் காவலுக்குக் கருவிகள் துணை நிற்கின்றன. இதயத்தின் ஓட்டத்தை இசிஜியும் ரத்த அழுத்தமானியும் காட்டுகின்றன. கரோனா காலத்தில் நம் வீடுகளுக்கும் வந்துவிட்ட பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவைச் சொல்கிறது. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை காப்னோகிராஃப் அளக்கிறது. இயல்பான அளவு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். சுவாசக் குழாய் தவறுதலாக உணவுக்குழாய்க்குள் சென்றுவிட்டால், ஆக்ஸிமீட்டர் சில நிமிடங்கள்வரை இயல்பான அளவையே காட்டக்கூடும். காப்னோகிராஃபோ சில மூச்சுகளுக்குள் எச்சரித்துவிடும். ஆக்சிஜன் கிடைக்காத மூளைக்கு நிமிடங்களே அவகாசம் என்பதால், இந்த வேறுபாடு உயிருக்கும் இறப்புக்குமான வேறுபாடாகும்.

மூளையின் மின்னலைகளைக் கொண்டு மயக்கத்தின் ஆழத்தை 0 முதல் 100 வரையிலான எண்ணாகத் தரும் கருவியும் உண்டு. பொது மயக்கத்தில் அது 40-க்கும் 60-க்கும் இடையில் இருப்பது விரும்பத்தக்கது. தசைகளைத் தளர்த்தும் மருந்து பெற்றவர், இடையில் நினைவு திரும்பினாலும் விரலசைத்துத் தெரிவிக்க இயலாது என்பதை எண்ணினால் இதன் அருமை புரியும்.

ஆயினும், எச்சரிக்கை ஒலியைக் கேட்டுச் செயல்பட மனிதர் வேண்டும். 1986-இல் வெளியான ஹார்வர்டு நெறிமுறைகள், மயக்க மருந்து அளிப்பவர் அறையிலேயே தொடர்ந்து இருக்க வேண்டும் என்றும், ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் அளக்க வேண்டும் என்றும் வரையறுத்தன.

மருத்துவச் சந்தையில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே அறிவுச் சமமின்மை நிலவுவதை 1963-இல் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ விளக்கினார். மயக்கத்தில் இருப்பவருக்கோ தாம் பெறும் சேவையைக் காணும் நினைவே இல்லை. ஆகவே, கண்காணிப்பைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது. சிறிய ஊர்களின் அறுவை அரங்குகளிலும் இக்கருவிகளும், அவற்றைக் கண்காணிக்கத் தனி மருத்துவரும் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.

குடும்பத்தினரும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். மயக்க மருந்து அளிப்பவர் யார்? நோயாளி விழிக்கும்வரை உடனிருப்பாரா? காப்னோகிராஃப் இருக்கிறதா?

என் மனைவி கண்விழித்தபோது, முந்தைய மாலையில் ஆடும் பல் உண்டா, ஆஸ்துமா உண்டா என்றெல்லாம் விசாரித்துச் சென்ற அதே மருத்துவர் தலைமாட்டில் நின்றிருந்தார். நான் செலுத்திய கட்டணம் அவருடைய உறங்காத கண்களுக்கானது.