நூற்றுக்கு ஐந்து: போக்கர் மேசையில் கமிஷன் கணக்கு

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்தைக் கவனிக்க என்றே ஒரு அதிகாரி உண்டு. ஜெயித்தவனிடம் அவர் நூற்றுக்கு ஐந்து வாங்க வேண்டும். காய்களுக்கு வாடகை, இடத்துக்கு வாடகை, குடிக்கிற தண்ணீருக்குக் கூட காசு. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் கழித்து வந்த ஆன்லைன் போக்கர் கம்பெனிகளும் அதே ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் நின்றன. தண்ணீருக்கு மட்டும் காசு கேட்கவில்லை :-)

அர்த்தசாஸ்திரத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. நூறும் அதற்கு மேலும் ஜெயித்தவனிடம் சபை நடத்துபவன் 5 சதவீதம் எடுக்கலாம், அதற்குக் குறைவாக ஜெயித்தவனிடம் 10 சதவீதம் எடுக்கலாம் என்கிறது (மிதாக்ஷரா உரை சொல்லும் பொருள் இது). அதாவது சின்ன ஆட்டக்காரனுக்கு இரட்டை ரேட்! பெரிய ஆட்டக்காரனுக்குத் தள்ளுபடி என்ற வியாபார புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் நீங்கள் கம்பெனியை எதிர்த்து ஆடுவதில்லை, மேசையில் இருக்கும் மற்றவர்களை எதிர்த்து ஆடுகிறீர்கள். யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு ஒன்றுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ரேக். 1998-ல் பிளானட் போக்கர் என்ற தளம் இணையத்தில் நிஜப் பணத்துக்கு மேசை போட்ட காலத்திலிருந்து இதுதான் தொழிலின் அடிப்படை வருமானம்.

பி.காம் படிக்கிறவன் என்பதால் கணக்கு போடாமல் விட மனசு வரவில்லை. 5 ரூபாய், 10 ரூபாய் கட்டாயப் பந்தயம் வைக்கும் ஒரு சின்ன மேசை என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு 1000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். ரேக் எடுக்கப்படும் ஆட்டங்கள் மணிக்கு 60, சராசரியாக நடுவில் சேர்வது 100 ரூபாய், கம்பெனிக்கு 5 சதவீதம். ஒரு ஆட்டத்துக்கு 5 ரூபாய், மணிக்கு 300 ரூபாய். மேசையில் மொத்தம் இருப்பதே 6000. யாரும் புதிதாகப் பணம் போடாவிட்டால் இருபது மணி நேரத்தில் அத்தனையும் கம்பெனியிடம் போய்விடும். மேசையில் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் இருந்தாலும் சரி!

ஒரு ஆளுக்கு மணிக்கு 50 ரூபாய் விழுகிறது. மற்றவர்களை விட மணிக்கு 50 ரூபாய் அளவுக்கு நன்றாக ஆடினால்தான் கையைக் கடிக்காமல் எழுந்து வரலாம். அதற்கு மேல் வருவதுதான் லாபம். இதே ரேக்குக்கு ஒரு ஆட்டத்தில் 30 ரூபாய்தான் உச்சவரம்பு என்று வையுங்கள். பெரிய மேசையில் 10,000 ரூபாய் சேர்ந்தால் 30 ரூபாய் என்பது 0.3 சதவீதம். சின்ன மேசையில் 100 ரூபாய்க்கு முழு 5 சதவீதம். யாக்ஞவல்கியர் இரண்டு மடங்கோடு விட்டார், இங்கே பதினாறு மடங்குக்கு மேல்! சின்ன மேசையில் எதிராளிகள் சுமாரானவர்கள், அதனால் சம்பாதிப்பது சுலபம் என்று வகுப்பில் ஒரு நண்பன் வாதாடினான். சுமாரானவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தோற்கிற பணத்தில் முதல் பங்கு கம்பெனிக்கு, மிச்சம்தான் இவனுக்கு.

அமெரிக்காவில் கார்டீனா ஊர் கிளப்புகள் வேறு வழி வைத்திருந்தன. அரை மணிக்கு இவ்வளவு என்று இருக்கை வாடகை. அங்கே என்ன கொடுக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். ஐந்து ஐந்தாகப் போகும்போது யாருக்கும் உறைப்பதில்லை.

நம் சட்டத்துக்கு இந்த விஷயம் புரியாமல் இல்லை. 1867 பொதுச் சூதாட்டச் சட்டமும் 1888 சென்னை நகரக் காவல் சட்டமும் சூதாட்ட விடுதிக்கு சொல்லும் முக்கிய அடையாளமே, நடத்துபவர் அதிலிருந்து லாபம் எடுக்கிறார் என்பதுதான். செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். சீட்டுக்கட்டு தேய்ந்துபோவதால் கிளப் சின்னக் கட்டணம் வாங்குவது தப்பில்லை, ஆனால் பந்தய ஆட்டத்திலிருந்து நடத்துபவர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்தப் பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

பிறகு வந்த தமிழ்நாட்டு வழக்குகளில் பேச்செல்லாம் திறமையா, அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றியே நடந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மாநிலத் தடையை ரத்து செய்தது. கடன், தற்கொலை என்று செய்திகள் தொடர்ந்ததால், நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு 2023-ல் புதுச் சட்டம் வந்தது. அந்த நவம்பரில் ரம்மியும் போக்கரும் அதன் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. திறமை ஆட்டம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து ரூபாய் மேசையில் அந்தத் திறமையின் பலனில் பெரும்பகுதி யாருக்குப் போகிறது?

இதற்கு நடுவில் அரசாங்கமும் கை நீட்டியது. முன்பு கம்பெனிகள் தங்கள் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்று கணக்குக் காட்டிவந்தன. 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டக்காரர் போடும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் என்று ஆனது. அப்போது வரியோடு சேர்த்து 100 ரூபாய் போட்டால் ஆட மிஞ்சியது 78 ரூபாய் சொச்சம். நிகர வெற்றியில் 30 சதவீத வருமான வரிப் பிடித்தம் அதே வருடம் ஏப்ரலில் வந்திருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் போட்டது. பெரிய கம்பெனிகள் பண மேசைகளை மூடின. அதற்கு முன் பிப்ரவரியில் தமிழக ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். 18 வயது, ஆதார், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விளையாடத் தடை எல்லாம் இருக்கிறது. நம் தெரு ஏலச்சீட்டுக்காரருக்குக் கூட 1982 சட்டம் 5 சதவீதத்துக்கு மேல் கமிஷன் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது, 2019-ல்தான் அது 7 ஆனது. அதுவும் சீட்டு ஒன்றுக்கு ஒரு மாதத்தில் ஒரு தடவை. மணிக்கு அறுபது தடவை கமிஷன் எடுத்த மேசைக்கு அந்த விதிகளில் அப்படி ஒரு உச்சவரம்பைக் காணோம்.