குறியீட்டு இணைப்பும் கட்டளைக் கையேடுகளும்

சிம்பாலிக் லிங்க் எனப்படும் குறியீட்டு இணைப்பு, இன்னொரு கோப்பின் பாதையை மட்டும் தனக்குள் வைத்திருக்கும் சிறு கோப்பு. மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இதன் முன்னோடி உண்டு. யூனிக்ஸில் இதைப் பரப்பியது 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி பதிப்பு. அதற்கு முன்பிருந்த ஹார்ட் லிங்க், ஒரே கோப்புக்கு இடப்பட்ட மற்றொரு பெயர். அங்கே அசல் எது என்ற கேள்வியே இல்லை. குறியீட்டு இணைப்பு வந்தபின், வேலை இணைப்பின் மீதா, அது காட்டும் கோப்பின் மீதா என்று ஒவ்வொரு கட்டளையும் சொல்லியாக வேண்டியிருந்தது.

விடைகள் ஒன்றுபோல் அமையவில்லை. கோப்பை நீக்கும் ஆர்எம் கட்டளை, இணைப்பை மட்டும் அழிக்கும். அனுமதியை மாற்றும் சிஎச்மோடுக்கு இணைப்பின் பெயரைக் கொடுத்தால், மாறுவது அசல் கோப்பின் அனுமதி. கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கும் கட்டளைகளில் சிக்கல் இன்னும் பெரிது. 4.4 பிஎஸ்டி கையேடு இதற்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கி மூன்று தெரிவுகளை விளக்கியது: பெரிய எச், கட்டளை வரியில் தரப்பட்ட இணைப்பை மட்டும் தொடரும், பெரிய எல், வழியில் எதிர்ப்படுவதையும் தொடரும், பெரிய பி, எதையும் தொடராது. போசிக்ஸ் தரமும் இவற்றை ஏற்றது. ஆனால் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கோப்புறைகளுக்குள் இறங்கும்போது, தெரிவு ஏதும் தராவிட்டால் எது செல்லும் என்பதை அது வரையறுக்கவில்லை. இது பெரிய குறை. ஓர் இணைப்பு வெளியே இட்டுச் சென்றால், தொடர்பில்லாத கோப்புகளின் உரிமையும் மாறிவிடும்.

சொல்லாட்சியும் குழப்பியது. இணைப்பை உருவாக்கும் எல்என் கட்டளைக்கான போசிக்ஸ் விளக்கத்தில் 'டார்கெட்' என்பது புதிதாக உருவாகும் பெயர். குனு கையேட்டில் அதே சொல் ஏற்கெனவே உள்ள கோப்பைக் குறிக்கிறது. கற்பவர்கள் வரிசையை மாற்றித் தட்டுவதில் வியப்பில்லை. தெரிவு எழுத்துகளிலும் இதே கவனம் தேவை. உரை தேடும் குனு கிரெப் 2012இல் சிறிய ஆர், பெரிய ஆர் இரண்டையும் பிரித்தது: முன்னது கட்டளை வரியில் தந்த இணைப்பை மட்டும் தொடரும், பின்னது எல்லாவற்றையும் தொடரும். கையேட்டில் ஓர் எழுத்தின் வடிவத்தைக் கவனியாமல் போனால் தேடலின் முடிவே வேறு.

இந்தக் கருவிகள் தமிழ்நாட்டுக்குத் தொலைவானவை அல்ல. தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் அந்தக் கணினிகளில் வந்தது. கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸைத் தமிழில் விளக்கி வருகிறது.

தமிழில் கையேடு எழுதுவோர் 'இணைப்பைத் தொடரும்' என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எந்த இணைப்பை, எந்தத் தெரிவில், தெரிவு தராதபோது எப்படி என்ற மூன்றையும் எழுதுங்கள்.