தடிமன் மட்டும் போதுமா? டர்போ என்ஜினும் ஆயிலும் வளர்ந்த வரலாறு

என்ஜின் ஆயில் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் சொல்வது கிரேடைத்தான்: 20டபிள்யூ-40 கொடுங்கள், 5டபிள்யூ-30 கொடுங்கள் என்று. ஆயிலின் பாகுத்தன்மையை எண்களால் வகைப்படுத்தும் இந்த வழக்கத்தை அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. தொடங்கிவைத்தது. ஆயில் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்த எண் இன்றும் நம்பகமான விடை. ஆனால் டர்போ உள்ள காரில் அதற்கு மேலும் இரண்டு கேள்விகள் உண்டு: கடும் சூட்டில் இந்த ஆயில் கருகாமல் நிற்குமா, எரியும் அறைக்குள் புகுந்தால் தீங்கு செய்யாமல் இருக்குமா? இவற்றுக்கான விடை டப்பாவின் பின்புறம், யாரும் படிக்காத பொடி எழுத்துகளில் இருக்கிறது. அந்தத் தரக் குறிகளில் முக்கியமான சில, டர்போ என்ஜின்கள் பழுதாகிப் பழுதாகிக் கற்றுக்கொடுத்த பாடங்கள். டர்போ காருக்கு ஆயிலைத் தேர்ந்தெடுக்க அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதை இந்த வரலாறே நிறுவுகிறது.

வெளியேறும் புகையின் விசையால் டர்பைனைச் சுழற்றி, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ், கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடி உயரத்துக்கு லிபர்ட்டி விமான என்ஜினைக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். விற்பனைக்கு வந்த கார்களில் அது நுழைந்தது 1962இல், ஷெவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் ஆகிய இரண்டின் வழியாக. ஜெட்ஃபயரில் எரிகலவை தாறுமாறாக வெடித்து என்ஜின் 'நாக்' ஆகாமலிருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளிக்கும் ஏற்பாடு இருந்தது. அதன் டேங்கை நிரப்புவது கார் வைத்திருப்பவரின் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. 1963உடன் அந்த மாடல் நின்றுபோனது. பின்னர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தித்தர நிறுவனமே முன்வந்தது. ஓட்டுபவரின் ஓயாத கவனத்தை நம்பிய டர்போ நிலைக்கவில்லை.

1970களில் போர்ஷே 911 டர்போ, சாப் 99 டர்போ போன்றவை இந்தத் தொழில்நுட்பத்தைத் திரும்பவும் சாலைக்குக் கொண்டுவந்தன. அப்போது சிக்கல் பேரிங்கில் தலைகாட்டியது. டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். ஷாஃப்டின் ஒரு முனையில் டர்பைன் தகதகக்கிறது. என்ஜின் ஓடும்வரை, பாயும் ஆயில் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் ஆயில் பம்ப் நின்றுவிடுகிறது. டர்பைன் கூட்டில் தேங்கிய சூடு பேரிங் பக்கம் பரவுகிறது. நகராமல் நிற்கும் ஆயில் அங்கே வெந்து கரியாகிறது. அந்தக் கரி நாளடைவில் ஆயில் வழியை அடைக்க, பேரிங் காய்ந்து தேய்ந்து, ஷாஃப்ட் ஆட்டம் காணும். வேகமாக ஓட்டிவந்த பின் சில நிமிடங்கள் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள் என்ற அறிவுரை இப்படித்தான் பிறந்தது. 1980களில் பேரிங் கூட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடவிடும் அமைப்பு பரவி, சூட்டின் சுமையைப் பெரிதும் குறைத்தது.

மீதிச் சுமையை ஆயில் ஏற்க வேண்டியிருந்தது. சூட்டில் எளிதில் சிதையாத சிந்தெடிக் ஆயில்கள் கார்களுக்கும் வந்தன. வந்த ஆயில் சொன்னபடி தாங்குகிறதா என்று அளக்க 'டியோஸ்ட் 33சி' என்ற சோதனை உருவானது. ஆயிலை 100 டிகிரி செல்சியஸில் வைத்து, ஓர் உலோகக் கம்பியின் மேல் ஓடவிடுவார்கள். கம்பியின் சூடு 200 டிகிரிக்கும் 480 டிகிரிக்கும் இடையே 12 முறை ஏறி இறங்கும். கடைசியில் கம்பியில் ஒட்டிய படிவை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் பார்ப்பார்கள். ஓடி நின்று, ஓடி நிற்கும் டர்போவின் நிலையை இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும் சோதனை இது.

நம் ஊர் வெயிலுக்குத் தடித்த ஆயில்தானே பாதுகாப்பு என்று கேட்கலாம். சூட்டில் படலம் அறுந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஐரோப்பாவின் ஏசிஇஏ தரங்களும் 150 டிகிரியில், கடும் வெட்டு விசையின் கீழ் பாகுத்தன்மையை அளக்கின்றன. அவற்றில் ஒன்றான ஏ3/பி4 தரத்துக்கு அது 3.5 மில்லிபாஸ்கல்-வினாடிக்குக் குறையக் கூடாது. ஆனால் தடிமனும் கருகாத தன்மையும் வேறு வேறு. ஒரே கிரேடு போட்ட இரண்டு ஆயில்களில் ஒன்று கரி படியவிடலாம், மற்றது தாங்கலாம். தேவைக்கு மேல் தடித்த ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவைச் சென்றடையத் தாமதிக்கும். பேரிங் தேய அந்தச் சில நொடிகள் போதும்.

அப்படியானால் 'ஃபுல் சிந்தெடிக்' என்று பார்த்து வாங்கினால் போதாதா? போதாது என்பதை 2010களின் சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்கள் காட்டின. குறைந்த சுழற்சியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்தது. எரியும் அறைக்குள் புகும் ஆயில் துளிகளுக்கும் இதில் பங்கிருந்தது. அழுக்கை நீக்க ஆயிலில் சேர்க்கும் கால்சியம் உப்புகள் இந்த வெடிப்பைத் தூண்டின. ஒரு பகுதி கால்சியத்தை மெக்னீசியத்தால் மாற்றியபோது வெடிப்புகள் குறைந்தன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி தரங்களைக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. ஃபோர்டின் 2.0 லிட்டர் டர்போ என்ஜினை ஓட்டி, முன்கூட்டிப் பற்றும் நிகழ்வுகளை எண்ணித்தான் இவற்றுக்கு ஒப்புதல் தருகிறார்கள். எனவே பழைய தரத்துச் சிந்தெடிக் ஆயில், விலை எவ்வளவு அதிகமானாலும், இந்த ஆபத்துக்கு ஈடு கொடுக்கும் என்ற உறுதி இல்லை.

இத்தனை எழுத்துகளும் புது டப்பாவை விற்கும் தந்திரம் என்ற சந்தேகமும் உண்டு. தரம் உயரும்போது விலையும் உயர்கிறது என்பது உண்மைதான். ஆனால் சோதனை முறைகளும் தேர்ச்சி வரம்புகளும் வெளிப்படையாக அச்சிடப்பட்டவை; அவற்றின் பின்னால் கரி பிடித்த பேரிங்குகளும் உடைந்த பிஸ்டன்களும் இருக்கின்றன. ஆகவே காரின் கையேட்டில் உள்ள ஏபிஐ அல்லது ஏசிஇஏ குறியையும், தயாரிப்பாளர் தனியாகக் கேட்கும் ஒப்புதல் எண்ணையும் முதலில் பாருங்கள்; பிறகு அதே கையேடு சொல்லும் கிரேடைத் தேர்ந்தெடுங்கள். புகை வடிகட்டி உள்ள டீசல் காருக்கு, சாம்பல் குறைந்த ஏசிஇஏ 'சி' வகையைக் கையேடு கேட்டிருந்தால் வேறெதையும் ஊற்றாதீர்கள். மற்ற ஆயில் விடும் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும். எந்த ஆயிலும் சூட்டில் மெல்ல மெல்லச் சிதைவதால், மாற்ற வேண்டிய கெடுவைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் இந்தத் தேர்வின் ஒரு பகுதிதான்.