சாலை யாருடையது?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளின் தேர்ச்சி பற்றிய பேச்சே எப்போதும் முதலில் நடக்கும். அண்மையில் எங்கள் தோட்டப் பள்ளியில் கூடிய கூட்டத்தில் அப்படி நடக்கவில்லை. முதல் கேள்வியே சாலையைப் பற்றியதாக இருந்தது. தலைக்கவசம் இல்லாமல் மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்த ஒரு தந்தைக்கு, செம்பனைக் காட்டின் நடுவே பள்ளிக்கு வரும் சாலையில் சம்மன் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து, "ஐயா, இது தோட்டத்துச் சாலை. இருபது வருஷமாக இப்படித்தான் போய் வருகிறேன். ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் எப்படிப் பிடிக்கலாம்?" என்றார். அருகில் இருந்தவர், "பழம் ஏற்றும் லாரிக்குப் பின் விளக்கே எரிவதில்லை. அதை ஏன் பிடிக்கவில்லை?" என்றார். பின் வரிசையிலிருந்த ஓர் அம்மையார், "இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஏன் இன்று? ஏன் நான் மட்டும்? யாரிடம் முறையிடுவது? இம்மூன்று கேள்விகளுக்கும் அடியில் நான்காவது ஒன்று இருக்கிறது: சாலை யாருடையது? அன்று கூட்டத்தில் எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. வீட்டிற்கு வந்து வரலாற்று நூல்களைப் புரட்டியபோது, இக்கேள்விகள் நேற்றுப் பிறந்தவை அல்ல என்பது புலனாயிற்று. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த காலத்திலேயே மக்கள் இவற்றைக் கேட்டிருக்கிறார்கள். சில வேளைகளில் கல்லெறிந்தும் கேட்டிருக்கிறார்கள்.

அஞ்சடியில் மூண்ட கலகம்

நம் பட்டணங்களின் பழைய கடைவீதிகளில் கடைக்கு முன்னால் கூரையோடு கூடிய நடைபாதை ஒன்று உண்டு. மலாய்க்காரர் அதைக் 'காக்கி லீமா' என்பர். நாம் 'அஞ்சடி' என்போம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. 1822 நவம்பரில் சிங்கப்பூர் நகரை வகுப்பதற்கு ராபிள்ஸ் விடுத்த கட்டளைகளில், தெருவின் இரு புறமும் தொடர்ச்சியான, கூரையிட்ட, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழி விடப்பட வேண்டும் என்பதும் ஒன்று.

கட்டளை இருந்தது, காலப்போக்கில் நடைவழிதான் இல்லாமற்போயிற்று. கடைக்காரர்கள் மூட்டைகளை அஞ்சடியில் அடுக்கினர். தையற்காரரும் நாவிதரும் பலகாரம் விற்போரும் அங்கேயே தொழில் செய்தனர். நடப்பவர்கள் வீதியில் இறங்கி, மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பல்லாண்டுகள் இதை அதிகாரிகள் கண்டும் காணாமலும் இருந்தனர்.

1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிலைமை திடீரென மாறியது. புதிய நகராண்மைச் சட்டம் கையில் கிடைத்ததும், நகராண்மைத் தலைவர் டாக்டர் ரோவல் அஞ்சடிகளை ஒழிக்கத் தொடங்கினார். கடைக்காரர்கள் கதவுகளை அடைத்தார்கள். வீதிகளில் கூட்டம் திரண்டது. டிராம் வண்டிகளின் மீதும் கோச்சு வண்டிகளின் மீதும் கற்கள் பறந்தன. மூன்று நாட்கள் நகரம் கலங்கியது. வரலாற்றில் இது 'வராந்தா கலகம்' எனப்படுகிறது.

கடைக்காரர்களின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. "இந்த நிலம் எங்கள் பத்திரத்தில் இருக்கிறது, இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தியும் வந்தோம்" என்றனர். ஆட்சியின் பக்கமும் நியாயம் இருந்தது. நிலம் கடைக்காரருடையது என்றாலும், அதன் மேல் நடக்கும் உரிமை ஊருக்குரியது. முடிவில் இரு தரப்பும் சற்றே விட்டுக்கொடுத்தன. நடப்பவர்க்குப் போதிய வழி விட்டுவிட்டு எஞ்சிய இடத்தில் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் கலகம் தணிந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நடப்பவர்க்கு வழி வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. நெடுநாள் உறங்கிய சட்டம் ஒரு நாள் காலையில் விழித்தெழுந்து கழியை ஓங்கியதே கலகத்துக்குக் காரணம். எவ்வளவு இடம் விட்டால் போதும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், கல் பறந்திராது.

ரிக்‌ஷா இழுத்தவர்கள்

ரிக்‌ஷா 1880-இல் ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் நகரத்தின் கால்களே அதுதான் என்னும் அளவுக்குப் பெருகியது. 1888-இல் ரிக்‌ஷாக்களைப் பதிவு செய்யவும் சோதிக்கவும் தனி இலாகா ஏற்பட்டது. அவ்விலாகாவுக்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட கட்டடம் தஞ்சோங் பகார் சாலைச் சந்திப்பில் இன்றும் நிற்கிறது.

வண்டி ஒருவருடையது, அதை இழுப்பவன் வேறொருவன். இழுப்பவன் வாடகை கொடுத்து வண்டியை எடுத்து, ஓடி ஓடிச் சம்பாதித்தான். விதி மீறினால் தண்டம் விழுந்தது அவன் தலையில்தான். ஓரமாக நிறுத்தினால் வழிமறிப்பு. நிறுத்தாமல் சுற்றினால் நெரிசல். எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சீன உழைப்பாளிக்கு ஆங்கிலத்தில் இருந்த விதிகள், போலீஸ்காரரின் கை தோளில் விழும்போதுதான் தெரிய வந்தன.

1901 அக்டோபரில் போலீசார் போக்குவரத்து விதிகளைக் கடுமையாகச் செலுத்தத் தொடங்கியதும், இழுப்பவர்கள் வண்டிகளை இறக்கி வைத்துவிட்டார்கள். அது சிங்கப்பூர் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு வேலைநிறுத்தம். அரசு வண்டி உரிமையாளர்களை நெருக்கியது. சில நாட்களில் வேலைநிறுத்தம் முறிந்தது. 1888-இல் கடைக்காரர்களின் முறையீட்டுக்கு ஏதோ ஒரு விடை கிடைத்தது. 1901-இல் இழுப்பவர்களின் முறையீடு அடக்கப்பட்டது. அதற்கு விடை கிடைக்கவில்லை. கடை உடையவனின் குரலுக்கும் கால் மட்டுமே உடையவனின் குரலுக்கும் இருந்த வேறுபாடு இது.

பிற்பாடு மோட்டார் வண்டிகள் பெருகின. 1914-இல் சிங்கப்பூர்ப் போலீசில் போக்குவரத்துக்கென்று தனிப் பிரிவு தோன்றியது. முதுகில் பிரம்பு இறக்கைகளைக் கட்டிக்கொண்டு, உடம்பைத் திருப்பியே வண்டிகளை நிறுத்தியும் அனுப்பியும் வைத்த காவலர்களைப் பழைய புகைப்படங்களில் காணலாம். ரிக்‌ஷாக்களோ 1947-இல் சிங்கப்பூர் வீதிகளிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன.

சட்டப் புத்தகத்தில் இல்லாத விதி

பட்டணத்துக் கதை இவ்வாறிருக்க, நம்மவர் வாழ்ந்த தோட்டங்களின் கதை வேறு. பட்டணத்தில் சாலை விதி என்று ஒன்று எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்கலாம். தோட்டத்துச் சாலையிலோ துரையின் சொல்லே விதி.

என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் சைக்கிள் வாங்கிய முதல் சிலரில் அவரும் ஒருவர். துரையின் கார் எதிரே வந்தால் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நிற்க வேண்டும். கிராணி நடந்து வந்தாலும் இறங்க வேண்டும். "லயத்திலிருந்து கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை தடவை இறங்குவது! சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் சைக்கிளைத் தள்ளியதுதான் அதிகம்" என்று சிரிப்பார். சிரிப்புக்குள் இருந்த கசப்பு எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தை நம்மவர் பலரும் அறிவர். கூலி உயர்வு அதன் முதற் கோரிக்கை. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்று பலர் மறந்துவிட்ட இரண்டு வரிகள் உண்டு. வெள்ளைத் துரைமார்கள் முன்னும் தோட்டச் சிப்பந்திகள் முன்னும் தொழிலாளி சைக்கிளில் ஏறிச் செல்லத் தடை இருக்கலாகாது என்பது ஒன்று. உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து போக வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் சாலையைப் பற்றியவை. வழி நடக்கும் உரிமையைப் பற்றியவை.

அக்கோரிக்கைகளுக்குக் கிடைத்த விடை கொடிது. தலைவர் ஆர். எச். நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் அவர்கள் உயிர் கொடுத்துக் கேட்டவற்றுள் ஒன்று என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிவைக்க வேண்டும்.

சட்டம் தோட்டத்துக்குள் வந்தது

நாடு 1957-இல் விடுதலை பெற்றது. அரசியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறிற்று. 1958-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் இடத்தில் இப்போதுள்ள 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு விடை இச்சட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 'சாலை' என்பது எது? பொதுச் சாலைகள் மட்டுமல்ல, பொதுமக்கள் போய் வரக்கூடிய வேறெந்தச் சாலையும் 'சாலை'யே என்கிறது சட்டம்.

ஆகவே நிலம் எந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது என்பது இங்கே முடிவான கேள்வி அன்று. அதில் யார் போய் வருகிறார்கள் என்பதே கேள்வி. வாயிற்காவலர் நின்று வெளியாரை மறிக்கும் பாதையின் நிலை வேறாக இருக்கலாம். வழக்கு வந்தால் நீதிமன்றமே ஆராய்ந்து சொல்லும். பள்ளிப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போவோரும் மளிகை வண்டியும் தடையின்றிப் போகும் சாலையில் சட்டமும் தடையின்றிப் போகும். அஞ்சடி வழக்கில் 1888-இல் நாம் கண்ட நியாயமும் இதுவே.

என்னிடம் கேட்டால், தோட்டச் சாலைக்குச் சட்டம் வந்ததை நான் குறையாகக் கொள்ளமாட்டேன். 1941-இல் அந்தச் சாலையில் தொழிலாளிக்கு ஒரு விதி, துரைக்கு ஒரு விதி. இன்று நிர்வாகியின் காருக்கும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே விதி. யாரைக் கண்டும் இறங்கி நிற்க வேண்டியதில்லை. போலீஸ்காரர் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்த வேண்டும். அதை நிர்வாகியும் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் மக்கள் முறையிடக் காரணமே இல்லையா? உண்டு. நல்ல சட்டமும் செலுத்தும் முறையால் கெடும் என்பதற்கு அண்மைக் கால வரலாற்றிலும் சான்று உண்டு. 2012 செப்டம்பரில் சாலையோரக் காமிராக்கள் வேக மீறலையும் சிவப்பு விளக்கு மீறலையும் படம் பிடிக்கத் தொடங்கின. அவற்றைத் தனியார் கம்பெனிகள் நடத்தியது பெரிய ஆட்சேபத்தைக் கிளப்பியது. தண்டத்தின் நோக்கம் பாதுகாப்பா, இலாபமா என்று மக்கள் கேட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அந்தச் சம்மன் வழக்குகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2018-இல் காமிராக்களை அரசே ஏற்றுக்கொண்டது. வேகமாக ஓட்டுவது சரி என்று எவரும் வாதாடவில்லை. தண்டிக்கும் கை யாருடையது என்பதுதான் வழக்கு.

இதற்கு நேர்மாறான நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதிகள் 1973-இல் வந்தபோது, தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் குறை விதி எழுதும்போதே கேட்கப்பட்டது. கேட்டுச் செய்த விதி நிலைத்தது.

ஆகவே பெற்றோர்களுக்கு என் விடை இது. "ஏன் இன்று?" என்பது நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகள் கவனியாதிருந்துவிட்டு ஒரு நாள் மட்டும் பிடிப்பது சட்டத்தின் மதிப்பைக் குறைக்கிறது. முதலில் அறிவிப்பும் எச்சரிக்கையும் வேண்டும் என்று நாம் கேட்கலாம். ஆனால் இருபது ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தது உரிமை ஆகிவிடாது. "ஏன் நான் மட்டும்?" என்பதும் நியாயமே. விளக்கில்லாத லாரியை விடுத்து மோட்டார் சைக்கிளை மட்டும் பிடித்தால், 1901-இல் ரிக்‌ஷாக்காரனுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது. லாரியின் எண்ணையும் நாளையும் நேரத்தையும் குறித்து எழுத்து மூலம் புகார் கொடுங்கள். "யாரிடம் சொல்வது?" சம்மனில் கண்ட குற்றத்தை ஒப்பாதவர், தண்டத்தொகையைக் கட்டாமல் நீதிமன்றத்தில் வழக்காட உரிமை உடையவர். காவல் நிலையமும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் ஊராட்சி மன்றமும் தனித்தனிக் கடமை உடையவை. எது யாருடைய வேலை என்று அறிந்து எழுதினால் கடிதம் வழி தவறாது. எழுதத் தயங்குவோருக்கு நான் எழுதித் தரக் காத்திருக்கிறேன்.

அந்தத் தந்தையிடம் மட்டும் தனியே ஒன்று சொன்னேன். "சம்மனைப் பற்றி வாதாடுங்கள், நானும் துணை நிற்கிறேன். ஆனால் நாளைக் காலையில் பையன் தலையில் கவசம் இருக்கட்டும். லாரி வரும்போது அது தோட்டத்துச் சாலையா, அரசாங்கத்துச் சாலையா என்று கேட்டுக்கொண்டா வருகிறது?"

மறுநாள் பையன் சற்றுப் பெரிய தலைக்கவசம் ஒன்றை அணிந்து வந்து இறங்கினான். அது அவன் அப்பாவுடையது. அப்பாவின் தலை வெறுமையாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு இன்னும் பொருள் இருக்கிறது.