பேசும் பெட்டிக்கு உரிமம்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை கள்ளக்குறிச்சி வழியாகச் செல்வதாலும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்ததாலும், இந்த வட்டாரத்தில் லாரி, டிராக்டர் ஓட்டம் நெடுங்காலமாகவே மிகுதி. இத்தனை வண்டிகள் ஓடியும், ஒரு ஓட்டுநர் தமக்கு முன்னால் போகும் இன்னொரு ஓட்டுநரிடம் வானொலி வழியே சாலை நிலவரம் கேட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே தோன்றவில்லை. பேசும் வானொலி அரசு ஜீப்பில் ஏறியது, லாரியில் ஏறவில்லை. பக்கத்துக் கல்வராயன் மலையின் மறைப்பையோ ஊரின் வறுமையையோ இதற்குக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அவ்விரண்டுக்கும் முன்னதாகவே சட்டம் வழியை அடைத்திருந்தது.

அமெரிக்காவில் பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒதுக்கப்பட்ட அலைவரிசையே சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமாக சி.பி., எனப்படுகிறது. 1958-இல் அங்கு 23 அலைத்தடங்களுடன், அதாவது பேசுவதற்கான 23 தனித்தனி அதிர்வெண்களுடன், அது திறந்துவிடப்பட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து வேகவரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டபோது, டீசல் எங்கே கிடைக்கும், காவலர் எங்கே நிற்கிறார் என்பதை லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இதுவே கருவியாயிற்று. அங்கும் உரிமம் பெற வேண்டும் என்றே விதி இருந்தது. அதைப் பெறாமல் பேசியவர்கள் ஏராளமாகிவிடவே, 1983-இல் அரசு அந்த விதியையே கைவிட்டது. மக்கள் மீறி மீறியே ஓய்ந்துபோன விதி அது எனலாம்.

இந்தியாவில் விதி ஓயவில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் செய்தித் தொடர்பை அரசின் தனியுரிமையாக்க, 1933-ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே சென்று, கருவியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமன்றி, அதை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது. உரிமமின்றிக் கேட்புக் கருவி வைத்திருந்தவருக்கு முதல் முறை 100 ரூபாய்வரை அபராதம் என்றிருக்க, பேசும் கருவி, அதாவது அலைபரப்பி, வைத்திருந்தவருக்கு மூன்றாண்டுவரை சிறை என்று பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவு கூறியது. காதுக்கு அபராதம், வாய்க்குச் சிறை என்னும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இந்த வட்டாரம் அன்று அடங்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்துச் சிற்றூர்களில் வானொலி என்ற சொல்லுக்கு அமைந்த பொருளும் அடங்கியிருக்கிறது. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கிய பின், ரேடியோ என்றால் பஞ்சாயத்து அலுவலகத்து ஒலிபெருக்கி வழியே ஊரே கூடிக் கேட்பது, அல்லது அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்று வீட்டில் கேட்பது என்றே ஆயிற்று. அந்தக் கேட்பு உரிமமும் 1980-களின் நடுவில்தான் நீங்கியது.

மலைமேல் நிலைமை இன்னும் வேறு. 2,000 முதல் 3,000 அடிவரை உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலை, ஜடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின்கீழ், அதாவது வரி வாங்கும் அதிகாரம் பெற்ற குறுநிலத் தலைவர்களின்கீழ், விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் இருந்தது. 1976-இல்தான் அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தனர். அமெரிக்காவில் சி.பி. மோகம் உச்சத்தில் இருந்து, அலைத்தடங்களை 40 ஆக்க முடிவானதும் அதே 1976-இல்தான். புதிய எண்ணிக்கை 1977-இன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஓரிடத்தில் லாரிக்காரர்களுக்கு இடம் போதாமல் அலைத்தடம் கூட்டப்பட, இன்னோரிடத்தில் மலைவாழ் மக்கள் அரசின் நேரடி ஆட்சியை முதன்முதலாகக் கண்ட ஆண்டு என்று அதைக் குறிக்கலாம்.

இந்தச் சூழலில் சாலையில் பேசிய ஒரே வானொலி காவல் துறையினுடையது. 1946-இல் மத்திய அரசு காவல் கம்பியில்லாத் தொடர்புக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. காலப்போக்கில் ஜீப்பின் முன்பலகையில் பொருத்தப்பட்ட செட்டும், சுருள்கம்பியில் தொங்கும் ஒலிவாங்கியும் காவல் வண்டியின் அடையாளமாயின. செட்டு முழுவதையும் அந்த ஒலிவாங்கியின் பெயராலேயே ‘மைக்’ என்று குறிப்பது காவலர் வழக்கு. மைக்கில் தகவல் வந்தது, மைக்கில் அழைத்தார்கள் என்பன அவர்களின் அன்றாடப் பேச்சு. சாராய ஊறலைத் தேடி மலையேறும் மதுவிலக்குப் படைக்கு இந்தத் தொடர்பு எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்கு மலை அதை மறைத்தும் வந்தது. காரணம் அலையின் இயல்பு. ஏறக்குறைய 160 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் வி.எச்.எஃப். அலைகள் பார்வைக்கோட்டிலேயே செல்பவை. குன்றுக்குப் பின்னால் இறங்கிய ஜீப்புக்குக் கட்டுப்பாட்டு அறையின் குரல் கேட்க வேண்டுமானால், உயரமான இடத்தில் வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் வேண்டும். இந்த அலைகளின் நீளம் குறைவு என்பதால் ஒரு வசதியும் உண்டு. ஏரியல் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் போதும் என்பதால், காவல் ஜீப்பின் கூரையில் 47 சென்டிமீட்டர் அளவுக்குச் சிறு குச்சியே நிற்கிறது.

சி.பி. வானொலிக்கு இக்கணக்கு தலைகீழ். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். கால் பங்கு ஏறத்தாழ 2¾ மீட்டர். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நீளக் குச்சியை ஜீப்பின் தலையில் நட்டால், முதல் மரக்கிளையே அதற்கு முடிவுகட்டிவிடும். ஆகவே அடியில் கம்பிச்சுருள் சுற்றிக் குறுக்கிய ஏரியலே வண்டிக்கு ஏற்றது. குறுக்கியதால் அது செவ்வனே வேலை செய்யும் அதிர்வெண் பரப்பும் குறுகிவிடுகிறது. பழைய சி.பி. செட்டை வாங்கி வண்டியில் பூட்டுபவர் சுருதி சேர்ப்பதில் இத்தனை மெனக்கெட நேர்வது அதனால்தான்.

அந்த வேலையின் முறை அரை நூற்றாண்டாக அதிகம் மாறவில்லை. கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் ஓடுவதால், 12 வோல்ட்டுக்கான செட்டை நேராகச் சேர்த்தால் அது கருகிவிடும். ஜீப்பில் அந்தக் கவலை இல்லை. ஏரியலைப் பூட்டாமல் பேசும் பொத்தானை அழுத்தக்கூடாது, அழுத்தினால் வெளியேற வழியில்லாத ஆற்றல் செட்டின் கடைசி டிரான்சிஸ்டரையே பதம்பார்க்கும். பின்பு செட்டுக்கும் ஏரியலுக்கும் நடுவே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இணைக்கப்படுகிறது. மடை பாதி அடைபட்ட வாய்க்காலில் வந்த நீர் முட்டித் திரும்புவதுபோல், பொருந்தாத ஏரியலில் முட்டித் திரும்பும் அலை எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. முள் 1.5-இல் நின்றால் திரும்புவது 4 விழுக்காடு மட்டுமே. 3-இல் நின்றால் கால் பங்கு திரும்புகிறது, செட்டும் சூடேறுகிறது. கோமுகி அணைக்கரை போன்ற திறந்த வெளியில், மின்கம்பியும் சுவரும் அருகில் இல்லாமல், கதவுகளைச் சாத்திவிட்டு, தாழ்ந்த அலைத்தடத்திலும் உயர்ந்த அலைத்தடத்திலும் அளந்து பார்க்க வேண்டும். உயர்ந்ததில் முள் கூடுதலாக ஏறினால் ஏரியல் நீளம் அதிகம், தாழ்ந்ததில் ஏறினால் நீளம் போதவில்லை. குச்சியைச் சில மில்லிமீட்டர் இறக்கியோ ஏற்றியோ திருகை முடுக்கி, மறுபடி அளப்பதே சுருதி சேர்த்தல். கித்தான் கூரை போட்ட ஜீப்பில் இது எளிதில் அமையாது. ஏரியலுக்குக் கீழே உலோகத் தளம் இருந்தால்தான் அலை ஒழுங்காகக் கிளம்பும் என்பதால், அங்கே பம்பரும் அடிச்சட்டமும்தான் தளமாக வேண்டியிருக்கிறது. டீசல் ஜீப்பில் ஒரு நன்மையும் உண்டு: தீப்பொறி பிளக் இல்லாததால் பெட்ரோல் வண்டியின் ‘டக் டக்’ இரைச்சல் செட்டில் கேட்பதில்லை, ஆல்டர்னேட்டரின் மெல்லிய ரீங்காரம் மட்டுமே மிஞ்சும்.

இந்தியாவில் இந்த வேலை உரிமமின்றியே சட்டத்துக்கு உட்பட்டதாக ஆனது 2005-இல்தான். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ்வரை, 5 வாட் ஆற்றலுக்கு மேற்படாமல் பேசுவதற்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு அந்த ஆண்டு விதி வகுத்தது. கைபேசி நாட்டுக்கு வந்து பத்தாண்டு கடந்தபின், லாரிக்காரரின் சட்டைப்பையிலேயே பேசும் கருவி ஏறிவிட்ட காலத்தில் கிடைத்த விடுதலை அது. கேட்டபோது கொடுக்காததை, கேட்பாரற்றபின் கொடுத்தது போலாயிற்று. 1885, 1933 ஆகிய இரு சட்டங்களின் இடத்துக்கு 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது அதற்கும் பிறகு.

2005-இன் எல்லைக்கோடு அமெரிக்கச் செட்டின் நடுவே விழுகிறது என்பதும் அளப்பவர் அறிய வேண்டியது. 40 அலைத்தடச் செட்டில் 27-ஆம் தடம் 27.275 மெகாஹெர்ட்ஸில் அமைய, 28-ஆம் தடம் 27.285-இல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இங்கே ஏரியலை 1-ஆம் தடத்திலும் 27-ஆம் தடத்திலும் அளந்து, நடுவிலுள்ள 14-ஆம் தடத்தில் முள் மிகத் தாழுமாறு நிறுத்துவதே முறை. அதற்கு மேலுள்ள பதின்மூன்று தடங்களில் பொத்தானை அழுத்தாமல் விட்டுவிட வேண்டும்.