கடைசியில் வருபவருக்கும் ஓர் எண்: மாரத்தான் பிப்பின் வரலாறு

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைவிடச் சற்றே குறைவு. 2008இல் அங்கே தொடங்கிய 10 கிலோமீட்டர் ஓட்டம் போன்ற பந்தயங்களுக்கு, சிப்காட் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள் அதிகாலையில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே ஓடுபவர் பனியனில் நான்கு ஊக்குகளால் குத்திக்கொள்ளும் எண் தாள்தான் பிப். முன்புறம் பெரிதாக எண், பின்புறம் மெல்லிய சிப், பெரும்பாலும் ரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுத ஓர் இடம். மோசடியைத் தடுக்கவும் நேரத்தைத் துல்லியமாக அளக்கவும் இது படிப்படியாக வளர்ந்தது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. பிப்பை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது வென்றவர்களின் தேவையல்ல, பின்வரிசையில் ஓடியவர்களின் தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்னணியில் வருபவரை அடையாளம் காண்பது என்றுமே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. 1897இல் நடந்த முதல் பாஸ்டன் மாரத்தானில் ஓடக் கிளம்பியவர்களே 15 பேர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அரங்குக்குள் தள்ளாடி விழுந்து, அதிகாரிகளின் கைத்தாங்கலில் கோட்டைக் கடந்து, அதனாலேயே தகுதியிழந்த இத்தாலியர் டொராண்டோ பியெட்ரியின் நெஞ்சில் 19 என்ற எண் இருந்தது. அந்த எண் பயன்பட்டது தூரத்து இருக்கைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும். 1978இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிப் படைத்த இந்தியச் சாதனையும் சிப் வருவதற்கு வெகுமுன்பே பதிவானது. முதலில் வரும் பத்துப் பேருக்குக் கண்ணும் கடிகாரமும் போதும்.

ஆனால் எண்ணுக்கு வேறொரு வேலையும் இருந்தது: பதிவேட்டில் இடம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. 1966இல் பாபி கிப் என்ற பெண் பாஸ்டனில் எண் இல்லாமல் கூட்டத்தோடு கலந்து ஓடி, 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். யாரும் தடுக்கவில்லை, முடிவுப் பட்டியலில் அவர் பெயரும் ஏறவில்லை. மறு ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர், முதற்பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிந்து, 261 என்ற எண்ணோடு ஓடினார். போட்டி அதிகாரி ஜாக் செம்பிள் பாய்ந்து வந்து பிய்க்கப் பார்த்தது அந்த எண்ணைத்தான். அதே பந்தயத்தில் கிப் மறுபடியும் எண்ணின்றி ஓடி, ஸ்விட்சருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே முடித்தார். அவர்மேல் யாரும் பாயவில்லை. பெண் ஓடியது அதிகாரிகளை உறுத்தவில்லை, பெண்ணுக்கு எண் கிடைத்தது உறுத்தியது என்றே இதைப் படிக்க முடிகிறது. பாஸ்டனில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972இல். கிப்பின் வெற்றிகளை அமைப்பாளர்கள் ஏற்றது 1996இல்.

பதிவேட்டில் இடம் கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியபோதுதான் பழைய முறை திணறியது. 1970இல் நியூயார்க் மாரத்தானின் முதல் பதிப்பில் ஓட வந்தவர்கள் 127, முடித்தவர்கள் 55. ஆறே ஆண்டில் ஓட வந்தவர்களின் தொகை சுமார் 2,000 ஆனது. அப்போதைய பிப்பின் அடியில் கிழித்தெடுக்கும் துண்டு ஒன்று இருக்கும். கோட்டைத் தாண்டியவர்களைக் கயிறு கட்டிய சந்துகளில் வந்த வரிசை கலையாமல் நடத்தி, தன்னார்வலர்கள் ஒவ்வொரு துண்டாகக் கிழித்துக் கம்பியில் கோப்பார்கள். கோட்டருகே ஒருவர் ஆள் கடக்கக் கடக்கப் பொத்தானை அழுத்தி நேரங்களை மட்டும் அச்சிடுவார். பிறகு இரண்டு பட்டியலையும் பொருத்த வேண்டும். மயக்கத்தில் ஒருவர் சந்தைவிட்டு விலகிவிட்டால் அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் தமக்கு முன்னால் வந்தவரின் நேரம் போய்ச் சேரும். முதல்வருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. 1,400ஆவதாக வந்தவருக்கு அந்த ஒரு வரிதான் பந்தயத்தின் பலன்.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1990களின் நடுவில் நெதர்லாந்தில் உருவான சாம்பியன்சிப், கால்நடைகளுக்கு அடையாளமிடவும் கார் திருட்டைத் தடுக்கவும் செய்யப்பட்ட தாழ் அலைவரிசைச் சிப்பின் உறவு. (1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய மத்திகிரி பண்ணையைக் கொண்ட ஓசூருக்கு இந்தப் பூர்வீகம் வியப்பாக இராது.) ஷூ கயிற்றில் கட்டிய அந்தச் சிப், தரையில் விரித்த பாயைக் கடக்கும்போது பாயிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். 1996இல் நூறாவது பாஸ்டன் பந்தயத்துக்கு 38,000 பேருக்கு மேல் பதிந்தபோது அது கைகொடுத்தது. ஆனால் பந்தயம் முடிந்ததும் சிப்பைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. உயர் அலைவரிசை ஒட்டுச் சிப்புகள் மலிந்த பிறகே அது காலிலிருந்து பிப்பின் முதுகுக்கு ஏறியது. இந்தியாவில் இவ்வகைச் சிப்புக்கு உரிமமின்றித் திறந்த 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் ஃபாஸ்டேகும் இயங்குகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் லாரிக் கண்ணாடி சொல்வதையும் பெங்களூர்ப் பந்தயத்தில் பனியன் சொல்வதையும் ஒரே நுட்பம் கேட்கிறது. வேறுபாடு, மனித உடல் பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். சிப்புக்கும் உடலுக்கும் நடுவே நுரைப்பட்டை வைப்பதும், பிப்பை மடிக்கவோ இடுப்புப்பட்டையால் மூடவோ வேண்டாம் என்பதும் இதனால்தான்.

தொடக்கக் கோட்டிலும் பாய் விரித்ததால் புதிய நேரம் ஒன்று பிறந்தது. பெருங்கூட்டத்தில் பின்னால் நிற்பவர் துப்பாக்கி வெடித்துப் பல நிமிடம் கழித்தே கோட்டை மிதிக்கிறார்; அவர் கோட்டிலிருந்து கோடுவரை ஓடிய நிகர நேரத்தைச் சிப் தருகிறது. உலகத் தடகள விதிப்படி அதிகாரபூர்வ நேரம் துப்பாக்கி நேரம்தான். நிகர நேரத்தை ஓடியவருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவே. ஆகவே சிப்பின் தனிக்கொடை யாருக்கு என்பதில் ஐயமில்லை.

மோசடியே இந்த மாற்றங்களைத் தூண்டியது என்று வாதிடுவோர் 1980ஐக் காட்டுவார்கள். அவ்வாண்டு பாஸ்டனில் பெண்களில் முதலாவதாகக் கோட்டைத் தொட்ட ரோசி ரூயிஸ், வழியில் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை என்று தெரிந்து சில நாளில் நீக்கப்பட்டார். ஆனால் அவரைப் பிடித்தது மனிதர்களின் நினைவும் படங்களும். சிப் வந்ததோ பதினைந்து ஆண்டுக்குப் பிறகு. மேலும் சிப் அறிவது தாளை, உடலை அல்ல. 2018 நவம்பரில் சீனாவின் ஷென்சென் அரை மாரத்தானில் சிக்கிய 258 பேரில் 18 பேர் போலி பிப் அணிந்தவர்கள், மூவர் ஆள்மாறாட்டக்காரர்கள். குறுக்கு வழியில் போன பலரைக் காட்டிக்கொடுத்தவை சாலைக் கேமராக்கள்.

கைக்கடிகாரமே தூரமும் நேரமும் சொல்லும்போது பிப் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 1980களிலிருந்து டைட்டன் கடிகாரம் செய்யும் ஓசூரில் இதைக் கேட்பது நியாயமே. கடிகாரம் தருவது அணிந்தவரின் சொந்தக் கணக்கு. பந்தயம் தருவது பிறர் சரிபார்க்கக்கூடிய பொதுப் பதிவு. சிப் இருக்க அச்சிட்ட எண் மட்டும் ஏன் என்றால், பாய் ஒருவரைத் தவறவிடும்போது ஒளிப்பதிவை ஓட்டி மனிதக்கண்தான் எண்ணைப் படிக்கிறது. நெடுந்தூரப் பந்தயங்களில் காற்றோட்டத்துக்காக பிப்பில் துளையிட அனுமதிக்கும் உலகத் தடகள விதி, எழுத்திலும் எண்ணிலும் துளை விழக் கூடாது என்று இன்றும் கறாராக நிற்கிறது.