மறையீட்டு நாணய வணிகத்தில் அடையாளச் சரிபார்ப்பு

மறையீட்டு நாணய வணிகத்தில் அடையாளச் சரிபார்ப்பு என்பது, பிட்காயின், ஈத்தரியம் போன்ற நாணயங்களை வாங்கி விற்க உதவும் பரிமாற்றகங்கள் தம் வாடிக்கையாளர் யார் என்பதை ஆவணங்களைக் கொண்டு உறுதி செய்யும் நடைமுறை ஆகும். வங்கிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்நடைமுறை பேச்சு வழக்கில் கேஒய்சி எனப்படுகிறது. இந்தியாவில் சில பரிமாற்றகங்கள் முன்னரே இதைத் தாமாகப் பின்பற்றி வந்தன. 2023 மார்ச் 7 அன்று வெளியான அறிவிக்கையால் இது சட்டக் கடமையானது. பெயர் வெளிப்படாமல் பணம் அனுப்பலாம் என்னும் எதிர்பார்ப்போடு தொடங்கிய இந்நுட்பத்தில், அந்த மறைவு பெரிதும் இழக்கப்படுவது இந்தச் சரிபார்ப்பு நடைபெறும் இடத்திலேயே ஆகும்.

பெயரின்மையும் புனைபெயரும்

பிட்காயினின் வடிவமைப்பை விளக்கும் கட்டுரை 2008 அக்டோபர் 31 அன்று சத்தோசி நகமோட்டோ என்ற பெயரில் வெளியானது. அப்பெயருக்கு உரியவர் யார் என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை. இந்த நாணயத்தின் முதல் தொகுதி 2009 சனவரி 3 என்ற நாளைத் தாங்கியுள்ளது.

பிட்காயின் வலையமைப்பில் ஒருவரைக் குறிப்பது எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு முகவரி மட்டுமே. யாருடைய அனுமதியும் இன்றி எத்தனை முகவரிகளையும் உருவாக்கிக்கொள்ள இயலும். எனினும் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு தொகை எப்போது சென்றது என்பது பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் அழியாமல் பதிவாகிறது. இப்பேரேட்டை எவரும் படிக்கலாம். ஆகவே இது முழுமையான பெயரின்மை அன்று. புனைபெயரில் இயங்குவது ஆகும். நகமோட்டோவின் கட்டுரையே ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிய சாவி இணையைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. பல முகவரிகளில் உள்ள தொகையைச் சேர்த்துச் செலுத்தும்போது, அவை ஒருவருக்கே உரியவை என்பது வெளிப்படும் என்றும் அது குறிப்பிட்டது.

அடையாளம் வெளிப்படும் விதம்

எடுத்துக்காட்டாக, தருமபுரியில் வாழும் ஒருவர் கைப்பேசிச் செயலி வழியாகப் பிட்காயின் வாங்குவதாகக் கொள்வோம். அவர் தம் நிரந்தரக் கணக்கு எண், ஆதார் அல்லது வேறொரு அடையாளச் சான்று, தற்படம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தரவேண்டியிருக்கும். பின்னர் அவர் வாங்கிய நாணயத்தைத் தம் சொந்தப் பணப்பையின் முகவரிக்கு மாற்றினால், அந்த முகவரிக்கும் அவருடைய பெயருக்கும் உள்ள தொடர்பு பரிமாற்றகத்தின் பதிவேட்டில் நிலைபெறுகிறது. பேரேடு பொதுவில் இருப்பதால், அத்தொடர்பை அறிந்தவர் அம்முகவரியின் பிந்தைய பரிமாற்றங்களை மட்டுமன்றி முந்தையவற்றையும் பின்தொடரலாம்.

அவர் நாணயத்தை 1,00,000 ரூபாய்க்கு விற்றால், 2022 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி 1 விழுக்காடான 1,000 ரூபாய் வரியாகப் பிடிக்கப்பட்டு, அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் பதிவாகிறது.

இந்தியச் சட்டநிலை

மறையீட்டு நாணய நிறுவனங்களுக்குச் சேவை வழங்கக் கூடாது என இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று வங்கிகளுக்கு ஆணையிட்டது. இவ்வாணையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர், முன்னர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. இராமசுப்பிரமணியன் ஆவார்.

2023ஆம் ஆண்டின் அறிவிக்கை, பரிமாற்றகங்களைப் பணச்சலவைத் தடுப்புச் சட்டம், 2002இன் கீழ்க் கொண்டுவந்தது. இதன்படி அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்து, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, ஐயத்துக்குரிய பரிமாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும். கணக்கு முடிக்கப்பட்ட பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு அடையாள ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2023 திசம்பரில் ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விளக்கம் கோரும் அறிவிப்பு அனுப்பப்பட்டது. அவற்றுள் ஒன்றான பைனான்சுக்கு 2024 சூனில் 18.82 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு

2024 சூலை 18 அன்று வசீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. இதன் பின்னர் முடக்கப்பட்ட தம் எக்ஸ்ஆர்பி நாணயங்களுக்குப் பாதுகாப்புக் கோரி முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மறையீட்டு நாணயம் ஒரு சொத்து என்றும், அதை ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்க இயலும் என்றும் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பு அடையாளச் சரிபார்ப்பின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒருவரைக் கண்காணிக்க உதவும் அதே பதிவு, இழப்பு நேரும்போது அவர் தம் உரிமையை மெய்ப்பிக்கவும் உதவுகிறது. பெயரற்ற முகவரியில் இருப்பவருக்கு மறைவு மிகுதி. ஆனால் இது என்னுடையது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது அவருக்குக் கடினம்.

இடர்களும் விமர்சனங்களும்

முதன்மையான இடர் தரவுக் கசிவு ஆகும். வெளிநாட்டில் இருந்த உதவி மையப் பணியாளர்கள் சிலர் கையூட்டுப் பெற்று வாடிக்கையாளர் விவரங்களைக் கொடுத்துவிட்டதாக, அமெரிக்கப் பரிமாற்றகமான காயின்பேசு 2025 மே மாதத்தில் அறிவித்தது. இதில் சுமார் 69,000 பேரின் விவரங்கள் வெளியேறின. சிலருடைய அடையாள ஆவணங்களின் படங்களும் அவற்றில் அடங்கும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் பிறந்த நாளையும் மாற்ற இயலாது.

பிறருடைய ஆவணங்களைக் கொண்டு கணக்குத் தொடங்கப்படுவது மற்றோர் இடர் ஆகும். சிறு தொகைக்காகத் தம் ஆவணங்களையோ வங்கிக் கணக்கையோ இரவல் தருபவரின் பெயரே பதிவேட்டில் இருக்கும். அக்கணக்கின் வழியாகக் குற்றம் நடந்தால் விசாரணை முதலில் அவரையே வந்தடையும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. குற்றத்தைத் தடுக்க எவ்வளவு தகவல் தேவை, அதை யார் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவையே இத்துறையில் தொடரும் வினாக்கள் ஆகும்.